கொலை வழக்குத் தீர்ப்பை வாசிக்கும் முறை

சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் கொலை வழக்குத் தீர்ப்பின் நகல் கைக்கு வந்ததும் தண்டனையைத் தேடிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவோர் பலர். முதலில் பார்க்க வேண்டியது சம்பவ நாள். கொலை, கொலையாகாத மரணம் விளைவித்தல், சதி ஆகியவற்றுக்கு, அது 2024 ஜூலை 1-க்கு முந்தையதாயின் இந்திய தண்டனைச் சட்டத்தின் 302, 304, 120-பி பிரிவுகளும், அன்றோ அதற்குப் பின்னோ ஆயின் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103, 105, 61 பிரிவுகளும் முறையே பேசப்படும்.

அடுத்து, பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரின் சாட்சியத்துக்குச் செல்லுங்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றில் கூலித் தகராறு முற்றி, ஒருவர் கவாத்துக் கத்தியால் மற்றவரின் கழுத்தில் வெட்ட, அவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 'கொல்ல நினைக்கவில்லை' என்ற வாதம் மட்டும் வெட்டியவரைக் காப்பாற்றாது. அந்தக் காயத்தை அந்த இடத்தில் ஏற்படுத்தவே அவர் கருதினார் என்பதும், அக்காயம் இயற்கையின் சாதாரணப் போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானது என்பதும் நிரூபணமானால் அது கொலையே என்று 1958-இல் விர்சா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான்.

இதன் பிறகே, கொலைக் குற்றத்தைக் குறைக்கும் விதிவிலக்குகளுக்கு வர வேண்டும். கத்தி வேலைக்காக ஏற்கெனவே கையில் இருந்ததா, போய் எடுத்து வரப்பட்டதா? கீழே விழுந்தவரை மீண்டும் வெட்டினாரா? முன்திட்டமின்றித் திடீரென மூண்ட சண்டையில், தகாத அனுகூலம் எடுக்காமலும் கொடூரமாக நடந்துகொள்ளாமலும் வெட்டியிருந்தால், குற்றம் கொலையாகாத மரணம் விளைவித்தலாகக் குறைந்து 105-ஆம் பிரிவுக்குள் வரும். ஆத்திரமூட்டல் என்ற வாதத்துக்கோ கால இடைவெளியே எதிரி: மனைவியின் காதலனைக் கடற்படை அதிகாரி சுட்டுக் கொன்ற நானாவதி வழக்கில் சுமார் மூன்று மணி நேர இடைவெளி அந்த வாதத்தைத் தகர்த்தது.

சதியை நிரூபிப்பது வேறு வகை வேலை. கொலை செய்வதென இருவர் உடன்பட்டாலே குற்றம் முழுமையடைகிறது. ஆனால் அந்த உடன்பாட்டை நேரில் கேட்ட சாட்சி அரிது என்பதால், சந்திப்பு, பணம் கைமாறியது, வண்டி ஏற்பாடு, அழைப்பு விவரம் போன்ற சூழ்நிலைகளிலிருந்தே நீதிமன்றம் அதை ஊகிக்கிறது. அழைப்புப் பட்டியல் இருவர் எண்களும் தொடர்பில் இருந்ததைச் சொல்லுமே தவிர, என்ன பேசினார்கள் என்பதைச் சொல்லாது. உரிய மின்னணுச் சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த நகல் சாட்சியமாகவே ஏற்கப்படாது.

போலீசாரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை வாசிக்கையில் கூடுதல் கவனம் தேவை. 'கிணற்றடியில் புதைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்' என்ற பகுதி, கத்தி உண்மையில் அங்கே கிடைத்து, கிராம நிர்வாக அலுவலர் போன்ற சாட்சி முன்னிலையில் மகஜர் (கைப்பற்றியதற்கான பதிவு) எழுதிக் கைப்பற்றப்பட்டிருந்தால் சாட்சியத்தில் சேரும்; 'அதனால்தான் வெட்டினேன், இன்னார் சொல்லித்தான் செய்தேன்' என்ற பகுதி சேராது. கைதுக்குப் பின் ஒருவர் மற்றவரைக் காட்டிக்கொடுத்துச் சொன்னதையும் சதிகாரர் கூற்று என்ற பெயரில் பயன்படுத்த முடியாது.

கடைசியாக, ஏ1, ஏ2 (முதல், இரண்டாம் குற்றஞ்சாட்டப்பட்டவர்) என ஒவ்வொருவர் மீதான முடிவையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்: சதி நிரூபணமாகாமல் ஏ2 விடுதலையானாலும், வெட்டியதாக நிரூபிக்கப்பட்ட ஏ1 மீதான கொலைக் குற்றம் அப்படியே நிற்கலாம்.