சின்னக் குளியலறைக்குப் புது வாஷ்பேசினா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

குளியலறையைப் புதுப்பிக்க நினைத்ததும் பலரும் நேரே கடைக்குப் போய்விடுகிறார்கள். பேசினும் வளைந்த குழாயும் கண்ணுக்குப் பிடித்துப்போக, முன்பணமும் கொடுத்தாகிவிடும். நாலுக்கு ஆறடி அறையில் அது எங்கே நிற்கும், அதில் என்ன தண்ணீர் வரும் என்பதெல்லாம் அப்புறம்தான் நினைவுக்கு வரும். முதல் தவறு இதுதான்.

நம் நெல்லைச் சீமையில் ஊருக்கு ஊர் தண்ணீர் வேறு. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சியில் தாமிரபரணித் தண்ணீர். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர் போட்டால் பல இடங்களில் உப்புதான். பாளையங்கோட்டையில் ஆற்றுத் தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஒரே தொட்டியில் ஏற்றும் வீடுகளும் உண்டு. உப்புத் தண்ணீர் முதலில் அடைப்பது குழாய் நுனியில் இருக்கும் சிறு சல்லடையை. அதைக் கழற்றிக் கழுவ முடியுமா என்று கடை அண்ணாச்சியிடம் கேட்டே வாங்குங்கள். சல்லடை உள்ளே மறைந்திருக்கும் வகை என்றால், அதைத் திருகும் சாவியையும் சேர்த்துக் கேளுங்கள். குழாயின் உடல் பித்தளையாக இருக்கட்டும்.

அடுத்தது அழுத்தம். மேல்தொட்டித் தண்ணீர் 10 அடி உயரத்திலிருந்து இறங்கினால் கிடைப்பது சுமார் 0.3 பார்தான் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே மாடிக் குளியலறை இருந்தால் அதைவிடவும் குறையலாம். சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் சில மிக்சர் குழாய்களுக்கு 0.5 பாருக்கு மேல் வேண்டும். அட்டைப் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். அவ்வளவு அழுத்தம் இல்லையென்றால் நூல் போலத்தான் தண்ணீர் வரும். என்னைக் கேட்டால், சுடுதண்ணீர் லைன் இல்லாத பேசினுக்கு மிக்சரே தேவையில்லை. நம் வெயிலுக்குப் பச்சைத் தண்ணீர்க் குழாய் ஒன்று போதும்.

பேசினுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. வளையும் பிளாஸ்டிக் குழாயை நேரே சாக்கடைக்குப் போகும் பைப்புக்குள் செருகிவிட்டால் நாற்றமும் கரப்பானும் அதே வழியில் மேலே வரும். பேசினுக்கு அடியில் மாட்டும் குப்பி வடிவ பாட்டில் ட்ராப் போடச் சொல்லுங்கள். அதில் தேங்கி நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் நாற்றத்தைத் தடுக்கிறது. அதேபோல, பேசின் நிரம்பி வழியாமல் இருக்க மேல்பக்கம் ஓட்டை உண்டென்றால் அதற்குப் பாதி மரை வேஸ்ட் கப்ளிங் (பேசினின் அடித்துளையில் மாட்டும், பாதி நீளத்துக்கு மட்டும் மரை உள்ள வடிகால் துண்டு) வேண்டும். முழு மரை போட்டால் அந்த ஓட்டை இருந்தும் பயனில்லை. பேசின் குழாய்க்கு மட்டும் தண்ணீரை அடைக்கும் ஆங்கிள் வால்வு கட்டாயம். அது இல்லாவிட்டால் ஒரு வாஷர் மாற்றக்கூட வீடு முழுக்கத் தண்ணீரை அடைக்க வேண்டிவரும்.

இடம்? பேசின் அளவுக்கு அட்டை வெட்டிச் சுவரோடு பிடித்துக்கொண்டு, கதவைத் திறந்து பாருங்கள். சின்ன அறைக்கு 18க்கு 12 அங்குலப் பேசின் தாராளம். மேடைமேல் வைக்கும் கிண்ணப் பேசின் ஆசை இருந்தால், உயரமான குழாயும் அதற்கேற்ற தாழ்வான மேடையும் வேண்டும். பேசின் விளிம்பு தரையிலிருந்து 32 அங்குலத்தை ஒட்டி இருந்தால் வீட்டுப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கை எட்டும்.

பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் உள்ள வீடுகளில் தொங்கும் பேசின் வேண்டாம். போல்ட் நாளடைவில் ஆடும், ஒருவர் கையூன்றினால் பேசின் கீழே வந்துவிடும். அங்கே கால் வைத்த பேசின்தான் சரி.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே சுவருக்குள் போகும் பைப்பில் பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தரை டைல்ஸ் முடிந்ததும், கொத்தனார் கிளம்புவதற்கு முன், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி வாட்டம் சரியா என்று பாருங்கள்.

வேலை முடிந்த பிறகு நடக்கும் தவறு ஆசிட். வெள்ளைப் படிவு வந்ததும் ஆசிட் ஊற்றித் தேய்த்தால் குழாயின் முலாம் போய்விடும். எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றி வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தாலே படிவு இளகி வந்துவிடும்.