சுப்பீரியர் ஏரிக்கரை முறையில் ஒரு செம்புக் குத்தூசி

கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறையில் வளர்ந்தவன் நான். செம்பைத் தட்டுவது எனக்குப் பழக்கம். ஆனால் இரும்புச் சுத்தியலும் துருத்தியும் இல்லாமல் தட்டிய மனிதர்கள்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிப் பக்கம், கீவினா தீபகற்பத்திலும் ஐல் ராயல் தீவிலும், செம்பு உலோகமாகவே பாறையிடுக்கில் கிடைக்கிறது. அங்கிருந்த பழங்குடிகள் குறைந்தது 7000 ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கல்லால் உடைத்தெடுத்து ஈட்டிமுனை, கத்தி, தூண்டில் முள், குத்தூசி எல்லாம் செய்தார்கள். "அவர்களுக்கு உருக்கத் தெரியாது" என்று குறைத்துப் பேசுவது தவறு. ஏறக்குறைய சுத்தமான செம்பே கையில் இருக்கும்போது தாதுவை ஏன் உருக்க வேண்டும்?

நாம் குத்தூசி செய்வோம். நாலைந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்பு எர்த்திங் கம்பியில் விரல்நீளத் துண்டு போதும். மேலுறை இருந்தால் உரித்துவிடுங்கள், நெருப்பில் போட்டால் நச்சுப் புகை வரும். அடியில் ஒரு கருங்கல் பலகை, கைக்குள் அடங்கும் உருண்டைக் கூழாங்கல் ஒன்று. கல் சில்லு தெறிக்கும் என்பதால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

ஓங்கி அடிக்காதீர்கள். கல்லின் கனத்திலேயே விழவிட்டு, நான்கு தட்டுக்கு ஒருமுறை கம்பியைக் கால் சுற்று திருப்புங்கள். சதுரப்பட்டையாக நீளும். அந்தப் பழைய குத்தூசிகளிலும் பல சதுரம்தான். ஒரே பக்கம் அடித்தால் ஓரம் மடிந்துகொள்ளும். மடிப்புமேல் மறுபடி அடித்தால் அதுவே விரிசலாகிவிடும்.

கவனமெல்லாம் காதில் இருக்கட்டும். முதலில் 'தொப் தொப்' என்று மந்தமாகக் கேட்கும். போகப் போக 'டிங்' என்று ஓசை ஏறும், கல் கையில் துள்ளும். செம்பு இறுகிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் ஒரு தட்டு தட்டினாலும் வெடிக்கலாம்.

இப்போது விறகுத் தணலில் வையுங்கள். செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும், நமக்கு அவ்வளவு தேவையில்லை. நிழலில் பார்த்தால் மங்கலாகச் சிவக்கும் அளவு போதும். இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். எஃகுபோல் இது இறுகாது, இளகியே இருக்கும். மேலே படிந்த கறுப்பும் கொஞ்சம் உதிரும். மறுபடி தட்டல், மறுபடி தணல்.

முனை வந்ததும் கடைசியாக ஒருமுறை தட்டி, அப்படியே விட்டுவிடுங்கள். தணல் பக்கமே போகக்கூடாது. அந்தக் கடைசித் தட்டலில் வருகிற இறுக்கம்தான் ஊசிக்கு உயிர். இளகிய செம்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கடினமாகியிருக்கும். அப்புறம் மணற்கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டி, அடிப்பக்கத்தை மரப்பிடியில் செருகிக் குத்திப் பாருங்கள். பழைய செருப்புத் தோலில் வளையாமல் இறங்கினால் சரி. வளைந்தால், நிமிர்த்தி இன்னும் கொஞ்சம் தட்டுங்கள்.