மூன்று வருஷ ரீஃப் தொட்டியில் பாறைகளைப் பிரித்து அடுக்குவது எப்படி?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் பவளங்களும் கடல் மீன்களும் வளரும் உப்புநீர்த் தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுமார் 250 லிட்டர் பிடிக்கும். முதலில் அடுக்கும்போது சுவர் வைப்பதுபோலப் பாறைகளைப் பின்கண்ணாடியோடு ஒட்டி வைத்துவிட்டேன். பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. நாளாக நாளாக அந்தச் சுவருக்குப் பின்னால் நீரோட்டம் போகாமல் கசடு தேங்கியது, கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் இறங்கவே இல்லை. லெதர் கோரல் என்ற மென்பவளம் குடைபோல விரிந்து, கீழே பாறையில் பூப்பூவாக ஒட்டியிருந்த ஸோவாக்கள் என்ற சிறு உயிர்களுக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்தது. கடைசியில் பிரித்துத்தான் ஆகவேண்டும் என்று ஆனது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை. பெரும்பாலும் பாறைத் துளைகளிலும் மணலிலும் ஒட்டியிருக்கின்றன. பாறை உப்புநீரில் நனைந்தே இருந்தால், இடம் மாறினாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து பாறைக்கு அடியில் இருக்கிறது. வருஷக்கணக்கில் படிந்த கசடு ஒரேயடியாகக் கலங்கினால் அம்மோனியா ஏறும், ஆக்சிஜன் குறையும். ஆழமான மணலில் காற்றுப்படாத கறுப்புப் பகுதி இருந்தால் அழுகின முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அது மீனைக் கொல்லும் விஷம்.

அதனால்தான் ஒரு நாளில் பாதிக்கு மேல் பிரிக்கக் கூடாது என்கிறேன். உதவிக்கு வந்த மச்சான், "அத்தான், கையோட மொத்தத்தையும் தூக்கிருவோம், ஒரே வேலையா முடிஞ்சிரும்" என்றான். "வேண்டாம்டே, இந்தப் பக்கம் மட்டும் போதும்" என்று நிறுத்திவிட்டேன். மறுபாதியை இரண்டு வாரம் கழித்துத்தான் தொட்டோம்.

எப்போது செய்வது?

நம்மூரில் சித்திரை, வைகாசி வேண்டாம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். மேற்கே குற்றாலத்தில் சாரல் விழுந்து, இங்கே குளிர்ந்த காற்று வீசுகிற ஆனி, ஆடி நல்ல காலம். மின்தடை அறிவிப்பு இல்லாத நாளாகப் பாருங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரம் போனபோது அதன் அருமையை நேரில் கண்டேன்.

முதல் படி: தரையில் வரைந்து பாருங்கள்

தொட்டியின் நீள அகலத்தைத் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். புதிதாகச் சேர்க்கப்போகும் காய்ந்த பாறைகள் இருந்தால் அதற்குள் அடுக்கிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் கண்ணாடியிலிருந்து நாலு விரல் இடைவெளி வேண்டும், பாசி துடைக்கும் காந்தம் போய்வர. ஒரே சுவராக இல்லாமல் உயரம் மாறிய இரண்டு குன்றுகள், நடுவே ஒரு கால்வாய் என்று வைத்தால் நீர் எல்லாப் பக்கமும் ஓடும். உச்சிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவில் அரை அடியாவது விடுங்கள், பவளம் வளர இடம் வேண்டுமே.

பாறை எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். வளர்ப்புக்கென்றே செய்து விற்கும் செயற்கைப் பாறையை வாங்குங்கள். உவரிக்கோ தூத்துக்குடிக்கோ போய்க் கடலில் எடுக்கும் எண்ணமே வேண்டாம், கரையில் ஒதுங்கிய பவளக் கல்லைக்கூட விட்டுவிடுங்கள். பாறை கட்டும் கடினப் பவளங்களும் கடல் விசிறிகளும் 1972-ஆம் வருஷ வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தூத்துக்குடிக் கடலில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் வான் தீவு கரைந்துகொண்டே போனது. பிறகு செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கித்தான் அதைக் காக்கவேண்டியதாயிற்று. என் தொட்டியில் மென்பவளங்கள் மட்டும்தான் இருக்கின்றன.

இரண்டாம் படி: முந்தின நாளே தண்ணீர்

250 லிட்டர் தொட்டிக்கு 60 லிட்டர் புது உப்புநீராவது தயாராக இருக்கட்டும். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரில் குளோரின் இருக்கும், போர் தண்ணீரில் கனிமங்கள் இருக்கும். ஆர்.ஓ.வோடு, மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடிக்கிற டி.ஐ. வடிகட்டியும் சேர்த்து, டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) சுழி காட்டும் தண்ணீரை எடுங்கள். மரைன் சால்ட் லிட்டருக்கு 35 முதல் 38 கிராம்வரை ஆகும். ஆனால் தராசைவிட, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை நம்புங்கள்: ஆயிரத்துக்கு 35, அல்லது அடர்த்தி 1.025 முதல் 1.026. பம்ப் போட்டு ஒரு நாள் சுழலவிடுங்கள். வெப்பநிலையும் தொட்டியோடு ஒத்திருக்கட்டும்.

மூன்றாம் படி: கையுறை, கண்ணாடி

இதை யாரும் தாண்டிப் போகாதீர்கள். ஸோவாக்களிலும் குறிப்பாக அவற்றின் உறவான பாலித்தோவாக்களிலும் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கலாம். கையில் வெட்டுக்காயம் இருந்தாலோ கண்ணில் தெறித்தாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிவரும். நீளக் கையுறை போடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி மாட்டுங்கள். வேலை நடக்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் வரவேண்டாம். ஸோவா ஒட்டிய பாறையைத் தண்ணீருக்கு வெளியே பிரஷ் வைத்துத் தேய்க்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள். கொதிக்க வைக்கவே கூடாது. ஆவியிலும் சாரலிலும் கலந்த விஷத்தை மூச்சோடு இழுத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் வெளிநாடுகளில் உண்டு. பாறையில் ஒளிந்திருக்கும் முட்புழுக்களின் மயிர் குத்தாமலும் அதே கையுறை காக்கும்.

நான்காம் படி: பிரிப்பது

1. ஹீட்டர், நீரோட்டம் தரும் வேவ்மேக்கர், பம்ப் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து பிடுங்குங்கள். சூடாக இருக்கும் ஹீட்டர் தண்ணீருக்கு மேலே தெரிந்தால் வெடித்துவிடலாம்.

2. எதையும் கலக்குவதற்கு முன்பே, மேல்தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைச் சோப்பு படாத இரண்டு பெரிய டப்புகளில் ட்யூப் வைத்து இறக்குங்கள். இதுதான் பாறைகளுக்குத் தற்காலிக வீடு. ஏர் பம்ப்பை இதில் போடுங்கள்.

3. மேல் பாறையிலிருந்து ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் எடுங்கள். பவளம் சுருங்கும்வரை காத்திருந்து, சதையைப் பிடிக்காமல் பாறையைப் பிடித்துத் தூக்குங்கள். முதல் டப்பில் லேசாக அலசிக் கசடை உதிர்த்து, இரண்டாவதில் வையுங்கள். கடற்பஞ்சு ஒட்டியிருந்தால் காற்றுப்படாமல் தண்ணீருக்குள்ளேயே பாத்திரத்தில் ஏந்தி மாற்றுங்கள். அனிமோனை (கடல் சாமந்தி) பிய்க்கவே கூடாது, அது பிடித்திருக்கும் கல்லோடு நகர்த்துங்கள்.

4. ஒவ்வொரு துளையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கோபி மீனும் பிஸ்டல் இறாலும் பாறையோடு வெளியே வந்துவிடும்.

5. காலியான தரையில் கசடை ட்யூபால் உறிஞ்சி எடுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கறுத்த மணல் கண்டால் கிளறாமல் அப்படியே உறிஞ்சி வெளியே எடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: அடுக்குவது

அடிப்பாறை மணல்மேல் உட்காரக் கூடாது. மணலை விலக்கி, கண்ணாடித் தரையில் மெதுவாக அமர்த்திவிட்டு மணலைச் சுற்றிலும் தள்ளுங்கள். கோபியும் இறாலும் அடியில் தோண்டும்போது மணல்மேல் நின்ற பாறை சரிந்து கண்ணாடியை உடைக்கும். மேல்பாறை மூன்று கல் அடுப்பில் பானை உட்காருவதுபோல மூன்று புள்ளியில் உட்காரவேண்டும். கையால் அசைத்துப் பார்த்து, ஆடினால் திருப்பி வையுங்கள். தேவையான இடத்தில் மீன்தொட்டிக்கென்று விற்கும் இபாக்ஸி புட்டி வையுங்கள். புது புட்டியால், நுரையோடு கழிவை எடுக்கும் ஸ்கிம்மர் பொங்கி வழியும். ஒரு நாள் அதைக் குறைத்து ஓட்டுங்கள்.

தண்ணீரை நிரப்பியதும் ஹீட்டர், பம்ப் இரண்டும் மூழ்கியிருக்கிறதா பார்த்துப் பிளக் போடுங்கள். சில மணி நேரம் கலங்கலாக இருப்பது இயல்பு. பஞ்சு வடிகட்டியைப் புதிதாக மாற்றி, வடிகட்டியில் போடும் ஆக்டிவேட்டட் கரி போடுங்கள்.

அடுத்த இரண்டு வாரம்

முதல் நாள் தீனி வேண்டாம். அன்று வெளிச்சத்தை அணைத்து வைத்தால் மீன்கள் இடத்துக்காகச் சண்டை போடுவதும் குறையும். தினமும் அம்மோனியா சோதியுங்கள். 0.25 பி.பி.எம். காட்டினாலே கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள். ஒரு பவளம் கீழிருந்து மேலே வந்திருந்தால் புது வெளிச்சம் அதைச் சுடும். விளக்கின் அளவை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, இரண்டு மூன்று வாரத்தில் பழைய நிலைக்கு ஏற்றுங்கள். அனிமோன் நீரோட்டம் பிடிக்காமல் நடக்க ஆரம்பிக்கலாம், வேவ்மேக்கரில் போய்ச் சிக்கவும் செய்யலாம். வேவ்மேக்கருக்கு வலைமூடி போடாமல் தூங்கப் போகாதீர்கள்.

ஒரு வாரம் தொடர்ந்து அம்மோனியா சுழியில் நின்று, ஸோவாக்கள் முழுதாக விரிந்து, மீன்களும் தீனிக்கு முன்போல ஓடி வந்தால், இரண்டு வாரம் முடிந்ததும் மறுபாதியைத் தொடலாம். அதற்கும் முந்தின நாளே 60 லிட்டர் கலந்து வைத்துவிடுங்கள்.