கேமரா விலை: டாலர் கணக்கு போட்டு ஏமாறாதீர்கள்

தை முகூர்த்தங்களுக்கு அட்வான்ஸ் வரத் தொடங்கியதும் சேலத்துக் கேமராக் கடைகளில் ஆண்டுதோறும் ஒரே காட்சி. புதிதாக ஸ்டுடியோ போட்ட தம்பி ஒருவர் கவுண்டரில் போனை நீட்டுவார்: “அண்ணா, அமெரிக்காவுல இது இவ்வளவுதான் போட்டிருக்கான். நீங்க ஏன் அம்பதாயிரம் கூடச் சொல்றீங்க?” இன்று நரைத்த தாடியோடு முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓடுகிறவர்களும் ஒரு காலத்தில் கேட்ட கேள்விதான் இது. பெட்டி சீல் பிரிந்திருக்கிறதா, ஷட்டர் கவுண்ட் (இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை) எவ்வளவு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம். விலைக் கணக்கில் சறுக்கும் இடங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டாலரை அப்படியே ரூபாயாக்குவது

அமெரிக்கக் கடை காட்டும் விலையில் விற்பனை வரி கிடையாது. அது மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதால் பில் போடும்போதுதான் ஏறும். நம் ஊர் எம்ஆர்பியில் 18% ஜிஎஸ்டி உள்ளேயே இருக்கிறது. பிரிட்டன் விலையில் 20%, ஜப்பானில் 10%, துபாயில் 5%. ஹாங்காங்கில் விற்பனை வரியே இல்லை. வரியைக் கழிக்காமல் ஒப்பிட்டால் கணக்கு முதல் வரியிலேயே தப்பு.

சோனி ஏ7 மார்க் 4 பாடியை (லென்ஸ் இல்லாமல் கேமரா மட்டும்) எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 2,499 டாலருக்கு அறிமுகமானது. இந்தியாவுக்கு 2022 ஜனவரியில் வந்தபோது விலை 2,42,490 ரூபாய். அன்றைய மாற்று மதிப்பில் டாலர் விலை சுமார் 1,86,000. பார்த்தால் 56,000 ரூபாய் அநியாயம். ஆனால் 2,42,490-ஐ 1.18-ஆல் வகுத்தால் வரிக்கு முந்தைய விலை 2,05,500 என்று வரும். மீதி 36,990 வரி. ஆக உண்மையான வித்தியாசம் சுமார் 19,000. சரக்குக் கட்டணம், டீலர் கமிஷன், ரூபாய் சரிந்தால் தாங்குவதற்கு நிறுவனம் வைக்கும் இடைவெளி, வாரண்டிச் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

பில் இல்லாமல் வாங்கிவிட்டு லாபம் என்பது

இதைப் பார்த்தால்தான் எரிச்சலாக வரும். எத்தனை முறை சொன்னாலும் நடக்கிறது.

அதே கேமரா ‘கிரே’ வழியில், அதாவது நிறுவனத்தின் முறையான இறக்குமதி அல்லாமல், 2,15,000-க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் கிடைப்பது ஒரு துண்டுச் சீட்டு: பேனாவில் “பாடி 1”, கீழே ஒரு தொகை, அதற்கும் கீழே ஒரு கிறுக்கல். கடைப் பெயர் இல்லை, சீரியல் எண் இல்லை. வாங்கியவர் 27,490 மிச்சம் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் ஸ்டுடியோவுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் உண்மையில் 9,500 ரூபாய் நஷ்டப்பட்டிருக்கிறார்.

எப்படி என்றால், பதிவுள்ள ஸ்டுடியோ முறையான பில்லோடு வாங்கினால் அந்த 36,990 உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பிவிடும். கல்யாண ஆர்டருக்கு வாடிக்கையாளரிடம் வாங்கும் 18%-ஐக் கட்டும்போது அதில் கழித்துக்கொள்ளலாம். கேமராவின் அசல் செலவு 2,05,500 மட்டுமே. துண்டுச் சீட்டுக்காரருக்கு 2,15,000 முழுவதும் செலவு. போதாக்குறைக்கு வருமான வரியில் தேய்மானம் காட்ட ஆதாரமில்லை, திருட்டுப் போனால் இன்சூரன்சுக்குக் காட்ட எதுவுமில்லை.

பில் வாங்கியவர்களும் கோட்டை விடும் இடங்கள் உண்டு. பில்லில் உங்கள் ஸ்டுடியோ பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். ஆன்லைனில் அவசரத்தில் சொந்தப் பெயரில் ஆர்டர் போட்டுவிட்டுப் பிறகு திருத்தக் கேட்டு அலைபவர்கள் ஏராளம். கடைக்காரர் தன் கணக்கைத் தாக்கல் செய்து, அது உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் (ஜிஎஸ்டி தளம் மாதந்தோறும் காட்டும் வரவுப் பட்டியல்) தெரிந்தால்தான் வரவு எடுக்க முடியும்; அடுத்த மாதமே பாருங்கள். பில் தேதியுள்ள நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டுக் கணக்குத் தாக்கல், இரண்டில் எது முந்துகிறதோ அதோடு வாய்ப்பு போய்விடும். வரவு எடுத்த வரித் தொகைக்குத் தேய்மானமும் கோரக் கூடாது, இரண்டில் ஒன்றுதான்.

சேலத்துக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது பெங்களூர். காலையில் பஸ் ஏறி, மதியம் வாங்கி, இரவு திரும்பிவிடலாம் என்று போகிறார்கள். கவுண்டரில் கையோடு வாங்கினால் கர்நாடகத்துக்குள் விற்றதாக சிஜிஎஸ்டி (மத்திய பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநிலப் பங்கு) போட்டு பில் அடித்துவிடுவார்கள். தமிழ்நாட்டுப் பதிவில் அந்த வரவை எடுக்க முடியாது. சேலம் முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் கொடுத்து ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது போடும் வரி) பில் கேட்க வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்ளாத கடையில் ஐயாயிரம் குறைத்தாலும் வாங்காதீர்கள்.

பதிவு இல்லாதவர்களுக்கும் காம்போசிஷன் திட்டத்தில் (வரவு எடுக்காமல் குறைந்த விகிதத்தில் வரி கட்டும் முறை) இருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. சேவைத் தொழிலில் ஆண்டு மொத்த வசூல் 20 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். அதற்குக் கீழேயும் விரும்பிப் பதியலாம். பொழுதுபோக்குக்குப் படம் எடுப்பவருக்கு 27,490 நிஜமான மிச்சம்தான். வாரண்டியை விற்றுத்தான் அந்தப் பணத்தை வாங்குகிறார், அவ்வளவே.

டோக்கியோவிலிருந்து மாமா கொண்டுவருவது

2021 தொடக்கத்தில் 100 யென் சுமார் 70 ரூபாய். 2024 ஜூலையில் 52 ரூபாய். ஜப்பான் விலை நமக்கு மலிவாகத் தெரிய இதுதான் காரணம். நிறுவனங்களுக்கும் இது தெரியும். சோனி ஜப்பானிய உள்நாட்டு மாடல்களில் பெரும்பாலும் ஜப்பானிய மொழி மட்டும் வைத்து விற்கிறது. மொழியை மாற்ற மெனுவில் வழியே இருக்காது.

ஐகானைப் பார்த்துச் சமாளிக்கலாம் என்பார்கள். ஏற்காடு பகோடா பாயின்ட்டில், மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்க, பனி ஏறிக்கொண்டிருக்கும்போது திரையில் நாலு வரி எச்சரிக்கை வரும். கீழே இரண்டு பட்டன். ஒன்று கார்டைச் சரிசெய்யும், இன்னொன்று அழிக்கும். எது எது?

சுங்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2026 தொடக்கம்வரை நடப்பிலிருந்த 2016-இன் பயணப் பொருள் விதிகளின்படி 50,000 ரூபாய்வரை விலக்கு இருந்தது. அதற்கு மேல் 38.5% வரி. அந்தக் கணக்கில் 1,60,000 ரூபாய் கேமராவுக்கு 42,350 கட்ட வேண்டியிருந்தது. வரம்பும் விகிதமும் திருத்தப்படுபவை என்பதால் பயண நாளில் நடப்பிலுள்ளதைப் பார்த்துக்கொள்ளவும்.

“அடுத்த வருஷம் குறையும்”

டிவி, போன் விலை குறைவதைப் பார்த்துப் பழகிய மனசு இப்படி நினைக்கும். ஏ7 வரிசையின் அறிமுக விலைகள்: 2013-இல் 1,699 டாலர், 2018-இல் 1,999, 2021-இல் 2,499, 2025-இல் 2,899. டாலரில் 70% ஏற்றம். ஆனால் அதே காலத்தில் டாலர் 62 ரூபாயிலிருந்து 90-ஐத் தொட்டது. ரூபாயில் பார்த்தால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 2019 ஜனவரியில் ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 ஆனதுதான் நடுவில் கிடைத்த ஒரே ஆறுதல்.

மூல காரணம் எண்ணிக்கை. 2010-இல் உலகம் முழுக்க 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. 2023-இல் 77 லட்சம். சின்ன கேமராச் சந்தையைப் போன் தின்றுவிட்டது. சென்சார், பிராசசர் வடிவமைக்கும் செலவை முன்பு கோடிக்கணக்கான கேமராக்களில் பிரித்தார்கள். இப்போது லட்சங்களில் பிரிக்கிறார்கள். எனவே குறைந்த விலை மாடல்களைக் கைவிட்டு விலை கூடியவற்றையே செய்கிறார்கள்.

யென் சரிந்ததே, விலை ஏன் இறங்கவில்லை? சோனியும் நிகானும் பெரும்பாலான பாடிகளைச் செய்வது தாய்லாந்தில். உதிரிப் பாகங்களில் பல டாலரில் வாங்குபவை. விலையையும் அந்தந்த நாட்டுச் சந்தை தாங்கும் அளவுக்குத்தான் வைக்கிறார்கள். யென் சரிவில் வரும் ஆதாயம் அவர்கள் லாபக் கணக்குக்குப் போகும். 2025-இல் அமெரிக்கா இறக்குமதி வரி போட்டதும் அங்கே விலை ஏற்றினார்கள். அன்றிலிருந்து டாலர் விலையை வைத்து நம் விலையை எடைபோடுவது இன்னும் தப்பாகிவிட்டது.

குறைவது பழைய மாடல்தான். மார்க் 5 வந்த பிறகு மார்க் 4-க்குக் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு.

வாரண்டி கார்டு

வேறு நாட்டுக் கார்டு இங்கே செல்லாது என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

சொந்தக் கேமராவோடு வெளிநாடு போவது

திரும்பும்போது அதற்கு வரி கேட்காமலிருக்க, புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்கத்தில் சீரியல் எண்ணைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளவும்.

தை பிறந்த பிறகு கடைக்குப் போவது

முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன் போய் நிற்பவரிடம் யாரும் விலை குறைக்க மாட்டார்கள். ஆடியில் போங்கள், மார்கழியில் போங்கள். கடை காலியாக இருக்கும். பாடியோடு பேட்டரி, கார்டு, பை சேர்த்துக் கேட்டுப் பாருங்கள், கொடுப்பார்கள்.