வசூல் தேதியும் சம்பளத் தேதியும்: மந்தக் காலத்தில் சிறு மென்பொருள் நிறுவனத்தை நடத்துவது எப்படி

கையில் ஆர்டர் இருக்கும், கணக்கில் லாபமும் தெரியும், ஆனால் 1-ஆம் தேதி சம்பளம் போடப் பணம் இருக்காது. சந்தை மந்தமாகும்போது சிறிய மென்பொருள் நிறுவனங்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆகவே புதுத் தொழில்நுட்பம், புதுத் திட்டம் என்று போவதற்கு முன் தேதிகளைப் பாருங்கள்: எந்தத் தேதியில் எவ்வளவு வரும், எந்தத் தேதியில் எவ்வளவு போகும். அது பிடிபடாமல் வளர்ச்சியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

சென்னை, கோவை, மதுரை மாதிரி ஊர்களில் 15 முதல் 40 பேரை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் உள்நாட்டு கிளையன்ட்டுகளுக்கு வேலை செய்யும் நிறுவனத்தை மனதில் வைத்து எழுதியது இது. முதலீட்டாளர் பணத்தில் ஓடும் ஸ்டார்ட்அப்புக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

13 வாரக் கணக்கு

எக்செல்லில் ஒரு தாள் போதும். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு நெடுவரிசை, மொத்தம் 13. அதற்குள் ஒரு காலாண்டு அடங்கிவிடும்: மூன்று சம்பளம், மூன்று ஜிஎஸ்டி, ஒரு அட்வான்ஸ் டாக்ஸ் (முன்கூட்டியே கட்டும் வருமான வரி) தவணை. மாதவாரியாகப் போட்டால் மாதக் கடைசியில் மிச்சம் இருப்பது மட்டும் தெரியும். நடுவில் 12-ஆம் தேதி கணக்கு காலியாகப் போவது தெரியாது.

முதல் வரியில் வங்கி இருப்பு. அதன் கீழே வரவு, கிளையன்ட் ஒருவருக்கு ஒரு வரி. அடுத்து செலவு, தேதிப்படி: சம்பளம், வாடகை, இஎம்ஐ, 7-ஆம் தேதி டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி), 15-ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20-ஆம் தேதி ஜிஎஸ்டி, கிளவுட் (வாடகை சர்வர்) பில். கடைசி வரி வார முடிவு இருப்பு. அதுவே அடுத்த வாரத்தின் முதல் வரி.

கணக்கு பொய்யாகிப்போவது வரவுப் பகுதியில்தான். இன்வாய்ஸில் 30 நாள் என்று எழுதியிருப்பதால் 30-ஆம் நாளில் பணத்தைப் போட்டுவிடுவார்கள். அந்த கிளையன்ட் கடைசியாகக் கொடுத்த மூன்று பில்களை எடுத்துப் பாருங்கள். 58, 71, 64 நாள் ஆகியிருந்தால் அவருக்கு 65 நாள் என்று போடுங்கள். 'அடுத்த வாரம் பிஓ வந்துரும் சார்' (பிஓ என்றால் கிளையன்ட் தரும் கொள்முதல் ஆணை) வகையறா இந்தத் தாளில் ஏறவே கூடாது.

இன்வாய்ஸ் தொகையை அப்படியே வரவாக எழுதுவது அடுத்த தவறு. மார்ச் 28 அன்று 10 லட்சத்துக்குப் பில் போடுகிறீர்கள் என்று வையுங்கள். 18% ஜிஎஸ்டி சேர்த்து 11.8 லட்சம். கிளையன்ட் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், உள்ளீட்டு வரி (நீங்கள் வாங்கியவற்றுக்கு ஏற்கெனவே கொடுத்த ஜிஎஸ்டி) போக மீதியை ஏப்ரல் 20-க்குள் நீங்கள் கட்டியாக வேண்டும். உள்ளீட்டு வரி பெரிதாக இல்லாத தொழில் இது, ஆகவே ஏறக்குறைய 1.8 லட்சமும் கைக்காசு. ஜூனில் கிளையன்ட் பணம் போடும்போது 10% டிடிஎஸ் பிடித்தால் வருவது 10.8 லட்சம். ஏற்கெனவே கட்டிய வரியைக் கழித்தால் சம்பளத்துக்கு உதவுவது 9 லட்சம்தான். பிடித்த 1 லட்சம் அட்வான்ஸ் டாக்ஸில் கழியும், லாபம் இல்லாத ஆண்டில் ரிட்டர்ன் தாக்கல் செய்த பிறகு ரீஃபண்டாக வரும். நஷ்டம் என்று முன்பே தெரிந்தால் வருமான வரித் துறையிடம் குறைந்த விகித டிடிஎஸ் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். மென்பொருள் தொழிலில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மாதக் கடைசியில் பில் போட்டே தீர வேண்டும் என்ற பழக்கத்தையும் விடுங்கள். ஒப்பந்தத்திலேயே மைல்கல் வாரியாகப் பில் என்று எழுதிக்கொண்டால், 28-ஆம் தேதி வேலைக்கான ஒப்புதல் 2-ஆம் தேதி வரும்போது வரி கட்ட ஒரு மாதம் கூடுதலாகக் கிடைக்கும். ஒப்புதல் வந்த பிறகு தள்ளிப்போடக் கூடாது, அது விதிமீறல். வெளிநாட்டு கிளையன்ட் இருந்தால் எல்யுடி (ஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்யத் தரும் உறுதிமொழி) ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகத் தாக்கலாகிறதா என்று ஏப்ரலில் பாருங்கள். விட்டுப்போனால் ஐஜிஎஸ்டி கட்டிவிட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

தாளில் ஏதோ ஒரு வாரம் மைனஸில் போனால் எதைத் தள்ளிப்போடலாம்? வாடகை, வெண்டர் பேமென்ட் இரண்டுக்கும் முன்கூட்டியே பேசினால் வழி உண்டு. பிஎஃப், டிடிஎஸ் இரண்டிலும் கைவைக்காதீர்கள். ஊழியர் சம்பளத்தில் பிடித்த பிஎஃப் அவருடைய காசு. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12% வட்டி, அதன் மேல் அபராதம். பிடித்த டிடிஎஸ்ஸைக் கட்டாவிட்டால் மாதம் 1.5%. ஜிஎஸ்டி தாமதத்துக்கு ஆண்டுக்கு 18%. மூன்றுமே வங்கி ஓவர்டிராஃப்டைவிட (ஓடி) கடுமையான கடன்.

வசூல்

பில் தாமதமாவதற்குக் கிளையன்ட்டின் பணக்கஷ்டம் மட்டும் காரணமல்ல. பில் அவர்கள் சிஸ்டத்துக்குள்ளேயே போகாமல் கிடப்பதும் நிறைய. பிஓ எண் இல்லை, பிஓ காலாவதி, பிஓ தொகை தீர்ந்துவிட்டது, சாப் (SAP) கணக்கு மென்பொருளில் 'வேலை முடிந்தது' என்று சர்வீஸ் என்ட்ரி போட வேண்டிய ஆள் லீவில். இதையெல்லாம் 60-ஆம் நாள் போன் செய்யும்போதுதான் சொல்வார்கள். அன்றிலிருந்து மறுபடி 30 நாள் ஓடும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். ஐஆர்என் (இ-இன்வாய்ஸுக்கு அரசுத் தளம் தரும் எண்) இல்லாத பில்லை வாங்குபவர் திருப்பிவிடுவார்.

ஆகவே பில் அனுப்பிய 3-ஆம் நாள் அக்கவுன்ட்ஸில் பில்லைப் பதிவு செய்யும் ஆளுக்கே போன் செய்யுங்கள். புராஜெக்ட் மேனேஜரிடம் கேட்டால் 'அனுப்பிட்டேன்' என்பார், அதற்குமேல் அவருக்குத் தெரியாது. கேட்க வேண்டியது: 'பில் புக் ஆயிடுச்சாங்க? எந்த பேமென்ட் ரன்ல வரும்?' பல நிறுவனங்கள் வாரத்தில் ஒரு நாளோ மாதத்தில் இரண்டு நாளோதான் பணம் விடும். அந்த நாளைத் தெரிந்துகொண்டு, அதற்கு மூன்று நாள் முன் இன்னொரு போன்.

உத்யம் (சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இல்லையென்றால் இன்றே செய்யுங்கள், கட்டணம் கிடையாது. 2025 ஏப்ரல் முதல் முதலீடு 25 கோடிக்கும் விற்றுமுதல் 100 கோடிக்கும் மேல் போகாதவரை நீங்கள் குறு அல்லது சிறு நிறுவனம். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி.

நடைமுறையில் அதைவிட வேலை செய்வது வருமான வரி விதி. 2023 நிதிச் சட்டத்தில் வந்தது; 43பி(எச்) என்று சொன்னால் எந்த ஆடிட்டருக்கும் புரியும். குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். ஆகவே பிப்ரவரி கடைசியில் பாக்கிப் பட்டியலையும் உத்யம் சான்றிதழையும் கிளையன்ட்டின் நிதி மேலாளருக்கு ஒரே மெயிலில் அனுப்புங்கள். மிரட்டல் வேண்டாம், சட்டப் பிரிவை இரண்டு வரியில் சொன்னால் போதும். மார்ச் 31-க்கு முன் அவருக்கே அவசரம் வந்துவிடும்.

கிளையன்ட் பெரிய கம்பெனி என்றால் டிரெட்ஸ் (பில்லைக் காட்டி வங்கிகளிடம் முன்பே பணம் பெறும் இணையத் தளம்) உண்டா என்று கேளுங்கள். விற்றுமுதல் 250 கோடிக்கு மேலுள்ள கம்பெனிகள் அதில் சேர வேண்டும் என்று மத்திய அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் ஆகியவை அந்தத் தளங்களில் சில. வாங்குபவர் பில்லை ஒப்புக்கொண்டதும் வங்கிகள் ஏலம் கேட்கும். வட்டி அவருடைய தரத்தைப் பொறுத்தது, உங்களுடையதை அல்ல. பிறகு அவர் பணம் கொடுக்காவிட்டாலும் வங்கி உங்களைத் துரத்தாது.

தாமதப் பாக்கிக்கான அரசின் எம்எஸ்எம்இ தளத்தில் புகார் கொடுப்பது உறவு முறிந்த பிறகு செய்ய வேண்டியது. சட்டம் 90 நாள் என்கிறது, அதற்குள் முடியும் என்று நம்பி 13 வாரத் தாளில் எழுத வேண்டாம். உங்கள் பக்கம் தீர்ப்பானால், மேல்முறையீட்டுக்குப் போகும் எதிர்த்தரப்பு 75% தொகையை முதலில் கட்ட வேண்டும். அந்த ஒரு விஷயத்துக்காகவே சிலர் சமரசத்துக்கு வருவார்கள்.

கிளவுட் பில்

செலவைக் குறைப்பது என்றதும் டீ, காபியில் ஆரம்பிப்பவர்கள் உண்டு. மென்பொருள் நிறுவனத்தில் யார் மனதையும் நோகடிக்காமல் குறைக்கக்கூடிய பெரிய செலவு கிளவுட் பில்தான்.

அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ் கிளவுட் என்றால் இந்த வரிசையில் போங்கள். டெஸ்ட், டெவலப்மென்ட் சர்வர்கள் வாரம் 168 மணி நேரமும் ஓடத் தேவையில்லை. திங்கள் முதல் வெள்ளிவரை காலை 9 முதல் இரவு 9 வரை ஓடினால் 60 மணி நேரம். அந்த சர்வர்களின் இயக்கச் செலவில் 64% மிச்சம். நிறுத்தி வைத்த சர்வருக்கும் டிஸ்க் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும், அதையும் பாருங்கள். gp2 வகை டிஸ்க்குகளை gp3 வகைக்கு மாற்றினால் ஒரு ஜிகாபைட் விலை 20% குறையும், சர்வரை நிறுத்த வேண்டியதில்லை. பொது ஐபிவி4 (இணைய) முகவரி ஒவ்வொன்றுக்கும் 2024 பிப்ரவரி முதல் மணிக்கு 0.005 டாலர், மாதம் சுமார் 3.6 டாலர். சும்மா கிடப்பவற்றை விட்டுவிடுங்கள். கிளவுட்வாட்ச் லாக்குகளுக்கு (சர்வர் இயக்கப் பதிவுகள்) நாமாகக் கெடு வைக்காவிட்டால் அவை அழியவே அழியாது. 30 நாள் என்று வைத்துவிடுங்கள். கணக்கில் ஜிஎஸ்டி எண் ஏற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் 18% உள்ளீட்டு வரி வீண்.

யாருடையது என்று தெரியாத சர்வரை உடனே அழிக்காதீர்கள். கிளையன்ட் ஒருவரின் மாதாந்திர ரிப்போர்ட் அதில் ஓடிக்கொண்டிருக்கும், 1-ஆம் தேதிதான் தெரியவரும். நிறுத்தி, ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் நகல்) எடுத்து, ஒரு மாதம் முழுதும் கழிந்த பிறகு அழியுங்கள். ஒரு வருடம், மூன்று வருடம் என்று கட்டுப்படும் சேவிங்ஸ் பிளான் என்ற தள்ளுபடித் திட்டத்தை இந்தத் துப்புரவு முடிந்த பிறகே வாங்க வேண்டும். முன்னால் வாங்கினால் குப்பைக்கும் சேர்த்து ஒப்பந்தம் போட்டதாகிவிடும்.

ஆட்கள்

ஆட்குறைப்பு உடனே பணத்தை மிச்சப்படுத்தாது. நோட்டீஸ் காலச் சம்பளம், மிச்ச லீவுக்கான பணம், ஐந்து ஆண்டு முடித்தவருக்கு கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்தால் முதல் இரண்டு மாதம் செலவு கூடும். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, வேலையை விட்டு அனுப்பினால் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். அடுத்த மாதம் பார்க்கலாம் என்ற பழைய வழக்கம் இனி உதவாது. 13 வாரத் தாளில் இதை எழுதிப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

எல்லோருக்கும் சமமாக 20% சம்பளக் குறைப்பு என்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் முதலில் வெளியேறுவது வெளியே எளிதாக வேலை கிடைக்கும் ஆட்கள்தான், அதாவது உங்களுக்கு அதிகம் தேவைப்படுபவர்கள். உரிமையாளர் சம்பளம் முதலில் நிற்கட்டும், அடுத்து மேல்மட்டத்தில் 25%, அதுவும் எத்தனை மாதம், எப்போது திருப்பித் தரப்படும் என்று எழுத்தில். இருந்தும் ஆட்களைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் ஒரே தடவையில் முடியுங்கள். மாதம் இரண்டு பேராக அனுப்பினால் மிச்சமிருப்பவர் எல்லோரும் வேலை தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

விற்பனை

மந்தக் காலத்தில் கிளையன்ட் வாங்குவது வேறு. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்க வரி 50% ஆனபோது, திருப்பூர் ஏற்றுமதியாளரிடம் போய் புது ஈஆர்பி (நிறுவனம் முழுவதற்குமான மேலாண்மை மென்பொருள்) விற்க முடியுமா? அந்த நேரத்தில் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது எந்த பையருக்கு, எந்த ஸ்டைலில், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தால் நஷ்டமில்லை என்பதை. அவரிடம் ஏற்கெனவே இருக்கும் டேட்டாவை வைத்து இரண்டு வாரத்தில் ஒரு காஸ்டிங் ரிப்போர்ட் செய்துகொடுத்தால் பணம் கொடுப்பார். இருக்கும் கிளையன்ட் ஒவ்வொருவரும் இன்னமும் எக்செல்லிலும் வாட்ஸ்அப்பிலும் செய்கிற மூன்று வேலைகளை எழுதிக்கொண்டு, அதில் அவருக்குப் பணம் கசியும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

விலை குறைக்கச் சொன்னால் ரேட்டைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். 6 லட்சம் புராஜெக்டுக்கு 4 லட்சம்தான் இருக்கிறது என்றால், எந்த இரண்டு மாட்யூல் இரண்டாம் கட்டத்துக்குப் போகிறது என்று எழுதி வாங்குங்கள். ஒருமுறை குறைத்த ரேட் அடுத்த பிஓவில் அடிப்படை ரேட்டாகிவிடும்.

ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்), சந்தா இரண்டையும் ஆண்டுக்கு முன்பணமாக மாற்றுவது நல்ல வழி, ஆனால் தள்ளுபடியில் கவனம் வேண்டும். மாதம் 20,000 ரூபாய் வருவதை ஆண்டுக்கு மொத்தமாக வாங்க 10% தள்ளுபடி கொடுத்தால், சராசரியாக ஆறு மாதம் முன்னால் பணம் வருகிறது. ஆண்டு வட்டிக் கணக்கில் ஏறக்குறைய 20%. 5% கொடுத்தால் வங்கி ஓடி வட்டிக்குப் பக்கத்தில் நிற்கும். அந்தப் பணத்தில் ஜிஎஸ்டி உடனே போய்விடும், மீதியில் ஓராண்டு வேலை பாக்கி இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரே துறையை நம்பியிருப்பவர்களுக்கு அட்வென்ட்நெட் நல்ல பாடம். 1996-இல் தொடங்கிய அந்த நிறுவனம் தொலைத்தொடர்புக் கருவி தயாரிப்பாளர்களுக்கு நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் விற்றது. டாட்காம் சரிவில் அந்த வாடிக்கையாளர்கள் பலர் காணாமல்போனார்கள். அதே நெட்வொர்க் அறிவை நிறுவனங்களின் ஐடி துறைகளுக்கு விற்க மேனேஜ்என்ஜின் வந்தது, 2005-இல் ஸோஹோ என்ற இணைய மென்பொருள். 2009-இல் நிறுவனத்தின் பெயரே ஸோஹோ ஆனது. தெரிந்த வேலையை வேறு துறைக்குக் கொண்டுபோனதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். முற்றிலும் புதிதாக ஒன்றைக் கற்க மந்தக் காலத்தில் நேரமும் இருக்காது, காசும் இருக்காது.

வங்கி

2020 மே மாதம் அறிவித்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், அந்த ஆண்டு பிப்ரவரி 29 அன்று பாக்கியிருந்த கடனில் 20% கூடுதலாகக் கிடைத்தது. கடனே வாங்காமல் சுத்தமாக இருந்தவருக்கு அதில் இடமில்லை. தேவை வருமுன்பே ஓடி லிமிட் வாங்கி, தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது இதனால்தான். அடமானம் வைக்கச் சொத்து இல்லையென்றால் சிஜிடிஎம்எஸ்இ (சிறு நிறுவனக் கடன்களுக்கான உத்தரவாத நிதியம்) உத்தரவாதத்தின் கீழ் கேளுங்கள். 2025 ஏப்ரல் முதல் உச்சவரம்பு 10 கோடி. ஆண்டுதோறும் உத்தரவாதக் கட்டணம் உண்டு, அதை வட்டியோடு கூட்டிப் பாருங்கள். மூன்று ஆண்டு ஆடிட் அறிக்கை, 12 மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன், 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட், உத்யம் சான்றிதழ், கிளையன்ட் வாரியான பாக்கிப் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். நடப்பு ஆண்டு சரியில்லை என்று தெரிந்தால், போன ஆண்டுக் கணக்கு கையில் இருக்கும்போதே விண்ணப்பித்து, இந்த ஆண்டு ஏன் குறைந்தது என்பதை ஒரே பக்கத்தில் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மேனேஜர் ஜிஎஸ்டி ரிட்டர்னில் அதைத் தானாகக் கண்டுபிடித்தால் ஃபைல் அங்கேயே நிற்கும்.