தொடக்கப் பள்ளியின் வார மடலை எழுதும் முறை

ஒரு வாரம் வகுப்பறையில் நடந்த கற்றலையும், பள்ளியைச் சார்ந்த குடும்பங்களுக்குத் தேவையான செய்திகளையும் ஒரே தாளில் பெற்றோரிடம் சேர்ப்பது வார மடலின் வேலை. இவ்விரண்டில் முதலாவதே மடலின் உயிர். விடுமுறை அறிவிப்பையும் கூட்ட நினைவூட்டலையும் ஒரு குறுஞ்செய்தியிலேயே அனுப்பிவிடலாம். ஆனால் குழந்தை இந்த வாரம் எதைப் புரிந்துகொண்டது, எதில் இன்னும் தடுமாறுகிறது, அதைப் பற்றி வீட்டில் எப்படிப் பேச்சைத் தொடங்கலாம் என்பதை வகுப்பாசிரியரைத் தவிர வேறு யாராலும் பெற்றோருக்குச் சொல்ல முடியாது. ஆகவே, மடலைப் படித்து முடித்தவர் அன்று மாலையே குழந்தையிடம் கேட்பதற்கு ஒரு நல்ல கேள்வியாவது அதில் இருக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் எழுதத் தொடங்குங்கள்.

எழுதும் வேலை திங்கட்கிழமையே தொடங்கிவிடுகிறது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் நினைவிலிருந்து எழுத முயன்றால் பாடத் தலைப்புகள் மட்டுமே கைக்கு வரும். எந்தக் குழந்தை எந்தக் கேள்வியைக் கேட்டது என்பது அதற்குள் மறந்துபோயிருக்கும். இதற்கென ஒரு குறிப்பேட்டை மேசையிலேயே வைத்துக்கொண்டு, நாள்தோறும் கடைசி மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பாக, அன்று புதிதாகத் தெரிந்துகொண்டதை ஒரு வரியில் சொல்லுமாறு குழந்தைகளைக் கேளுங்கள். "காலையில் நீளமாக இருந்த நிழல் மத்தியானம் என் காலுக்குக் கீழே வந்துவிட்டது" என்று ஒரு குழந்தை சொன்னால், அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "நிழலின் நீள மாற்றம் குறித்து மாணவர்கள் அறிந்துகொண்டனர்" என்று திருத்தி எழுதினால், வகுப்பில் உண்மையில் நடந்தது அந்த வரியிலிருந்து நழுவிவிடும். இந்த ஐந்து நிமிடம் குழந்தைகளுக்கும் பயனுள்ளது, ஏனெனில் படித்ததைச் சொந்தச் சொல்லில் திரும்பச் சொல்வதே அதை நினைவில் நிறுத்தும் வழிகளுள் ஒன்று.

கற்றல் பகுதியை எழுதும்போது நடத்திய பாடத்தின் பெயரோடு நின்றுவிடக் கூடாது. "கணக்கில் கழித்தல் நடத்தப்பட்டது" என்ற வரியைப் படிக்கும் பெற்றோருக்குப் புதிதாக எதுவும் தெரியவருவதில்லை. அதே வாரத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: "52-லிருந்து 27-ஐக் கழிக்கும்போது, பல குழந்தைகள் ஒன்றின் இடத்தில் சிறிய இலக்கமான 2-ஐ 7-லிருந்து கழித்துவிட்டு, விடையை 35 என்று எழுதினார்கள். பிறகு, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொண்டு அதே கணக்கைச் செய்தோம். ஐந்து கட்டுகளில் ஒன்றைப் பிரித்ததும் உதிரிக் குச்சிகள் 12 ஆயின. அவற்றிலிருந்து 7-ஐ எடுத்தால் 5 மிஞ்சும் என்பதையும், மீதமுள்ள நான்கு கட்டுகளிலிருந்து இரண்டை எடுத்தால் விடை 25 என்பதையும் கையால் தொட்டுப் பார்த்தே கண்டுகொண்டார்கள்." இதைப் படிக்கும் தாய்க்கு, தன் மகன் 35 என்று எழுதியது கவனக்குறைவால் அன்று, அந்த வயதில் பரவலாக நேரும் ஒரு தவறான புரிதலால் என்பது விளங்கும். வீட்டில் குறுக்குவழி சொல்லிக் கொடுக்காமல், குச்சியையோ தீக்குச்சி வடிவில் வெட்டிய தாள் துண்டுகளையோ கொண்டு செய்து காட்டச் சொன்னால் போதும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், பள்ளியில் ஒரு முறையும் வீட்டில் வேறொரு முறையுமாகக் குழந்தை குழம்புவதையும் தவிர்க்கலாம்.

எல்லாப் பாடங்களுக்கும் இவ்வளவு இடம் தர முடியாது, தரவும் வேண்டியதில்லை. வாரத்தில் எந்தப் பாடத்தில் குழந்தைகளின் சிந்தனை கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்ததோ, அதை விரிவாக எழுதிவிட்டு, மற்றவற்றை ஓரிரு வரிகளில் முடிக்கலாம். முதல் வகுப்பினர் குறிலையும் நெடிலையும் பிரித்துக் கேட்கப் பழகினார்கள் என்றால், "படம், பாடம்", "கல், கால்" போன்ற இணைகளில் இரண்டை எடுத்துக்காட்டினாலே போதுமானது.

வீட்டில் கேட்பதற்கான கேள்வியை உருவாக்குவதில் தனிக் கவனம் தேவை. "இன்று என்ன படித்தாய்?" என்பது மிகவும் அகலமான கேள்வி, களைத்து வந்த ஆறு வயதுக் குழந்தை அதற்கு "ஒன்றுமில்லை" என்று சொல்வது இயல்பே. ஈரப் பஞ்சில் அவரை விதை முளைக்கவைத்த வாரத்தில், "விதையிலிருந்து முதலில் வெளியே வந்தது வேரா, இலையா?" என்று கேட்குமாறு எழுதுங்கள். குழந்தைக்கு விடை தெரியும். தான் பார்த்ததைச் சொல்லப்போகிறோம் என்ற பெருமையும் உண்டாகும். அங்கிருந்து, விதையைத் தலைகீழாக வைத்தாலும் வேர் ஏன் கீழ்நோக்கியே வளர்கிறது என்பது வரை பேச்சு நீளலாம். ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளையும், பெற்றோர் பாடநூலைப் புரட்டிப் பார்த்தே சரிபார்க்க வேண்டிய கேள்விகளையும் தவிர்த்துவிடுங்கள்.

குழந்தைகளே எழுதிய ஒரு சிறு பகுதி ஒவ்வொரு மடலிலும் இடம்பெறுவது நல்லது. இது புதிய யோசனையன்று. பிரான்சில் செலஸ்தான் ஃபிரெனே என்ற ஆசிரியர், 1920-களில் பார்-சுர்-லூ என்ற ஊரில் தம் வகுப்பறைக்குள் ஒரு சிறு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து, குழந்தைகள் தாமே எழுதியவற்றை அவர்கள் கையாலேயே அச்சுக்கோக்கச் செய்து, வேறு பள்ளிகளோடு பரிமாறிக்கொள்ளவும் வழி செய்தார். போலந்தின் வார்சாவில் யானுஷ் கோர்ச்சாக் என்ற குழந்தை மருத்துவரும் எழுத்தாளருமானவர், 1926-இல், ஒரு நாளிதழின் வெள்ளிக்கிழமை இணைப்பாகக் குழந்தைகளின் எழுத்தாலேயே நிரம்பிய இதழ் ஒன்றைத் தொடங்கினார். தன் எழுத்தை வகுப்புக்கு வெளியே ஒருவர் படிக்கப்போகிறார் என்று தெரிந்த குழந்தை, அதைத் தானே திரும்பப் படித்துத் திருத்தத் தொடங்குகிறது. மதிப்பெண்ணுக்காக எழுதும்போது இந்த அக்கறை எளிதில் வருவதில்லை. எழுத்துப் பிழைகளைக் குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு திருத்துங்கள். வாக்கியத்தின் போக்கை மட்டும் மாற்றாதீர்கள். எந்த வாரம் யாருடைய எழுத்து வந்தது என்பதை வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி குறித்து வைத்தால், ஆண்டு முடிவதற்குள் வகுப்பில் ஒருவர்கூட விடுபடாமல் பார்த்துக்கொள்ளலாம். அழகாக எழுதும் இரண்டு மூன்று பேரின் பெயரே மாறி மாறி வந்தால், மற்ற வீடுகளில் மடலைத் திறந்து பார்க்கும் ஆவல் குறைந்துவிடும். அதனால்தான் மதிப்பெண் வரிசைக்கு இதில் இடமே தரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

படங்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 1989-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு, குழந்தையின் தனியுரிமையைக் காக்கச் சொல்கிறது. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெறுங்கள். ஒப்புதல் தராதவர்களின் பட்டியலை மடல் தயாரிப்பவரின் கண்ணெதிரே ஒட்டி வையுங்கள். படத்தையும் முழுப்பெயரையும் சேர்த்து வெளியிட வேண்டாம். முகங்களைக் காட்டிலும், மண்ணைக் கிளறும் கைகளும், மேசையில் விரிந்திருக்கும் வரைபடமும் கற்றலை நன்றாகக் காட்டும் என்பதால் இதில் இழப்பு எதுவும் இல்லை. குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்லும் நாள், நேரம், இடம் ஆகியவற்றைப் பொதுவில் பரவக்கூடிய மடலில் முன்கூட்டியே அறிவிக்காமல், உரிய பெற்றோருக்குத் தனியே தெரிவியுங்கள்.

சமூகச் செய்திகளுக்கு ஓர் அளவுகோல் போதும்: இந்தச் செய்தியால் பள்ளிக் குடும்பங்கள் ஏதேனும் செய்யவோ, தெரிந்துகொள்ளவோ வேண்டுமா? தடுப்பூசி முகாம், நூலகத்தின் மாறிய நேரம், பள்ளிக்கு வரும் சாலையில் நடக்கும் பழுதுபார்ப்பு, ஓய்வு பெறும் ஊழியருக்கான வழியனுப்பு ஆகியவை இதில் அடங்கும். வணிக விளம்பரமும் கட்சிச் செய்தியும் அடங்கா. ஒவ்வொரு செய்தியிலும் கிழமை, தேதி, நேரம், இடம், யார் என்ன செய்ய வேண்டும் என்பவை இருக்க வேண்டும். தேதியும் கிழமையும் ஒத்துப்போகின்றனவா என்று நாட்காட்டியைப் பார்த்தே உறுதி செய்யுங்கள், ஏனெனில் மடல்களில் மிகுதியாக நேரும் பிழை இதுவே.

நோய்ச் செய்தியை எழுதும்போது நோயின் பெயரைச் சொல்லுங்கள். குழந்தையின் பெயரையோ, யாரென்று ஊகிக்க இடம் தரும் குறிப்பையோ சொல்லாதீர்கள். வகுப்பில் ஒருவருக்குச் சின்னம்மை வந்திருந்தால், தொற்றிய பிறகு அறிகுறிகள் வெளிப்பட 10 முதல் 21 நாள்கள் வரை ஆகலாம் என்பதையும், கொப்புளங்கள் அனைத்தும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்பதையும், வீட்டில் கருவுற்ற பெண்ணோ நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவரோ இருந்தால் உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதையும் அமைதியான சொற்களில் எழுதுங்கள். இறப்புச் செய்தி என்றால், முதலில் அந்தக் குடும்பத்தின் இசைவைப் பெற்று, வகுப்பில் குழந்தைகளிடம் ஆசிரியர் நேரில் சொன்ன பிறகே அது மடலில் வர வேண்டும்.

ஏ4 தாளின் இரு பக்கங்களுக்கு மேல் போக வேண்டாம். முதல் பக்கத்தில் கற்றலும் வீட்டுக்கான கேள்வியும், இரண்டாம் பக்கத்தில் குழந்தைகளின் எழுத்தும் செய்திகளும் வரட்டும். இந்த இடங்களை வாரந்தோறும் மாற்றாமல் இருந்தால் பெற்றோர் தேடாமலே கண்டெடுப்பார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, படமாக மட்டும் அனுப்பாமல் எழுத்தாகவும் அனுப்புங்கள். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம், வேறு மொழியில் மாற்றிக்கொள்ளலாம், பார்வையற்றவரின் கைபேசி அதை வாசித்துக் காட்டவும் செய்யும். படிக்கத் தெரியாத பெற்றோருக்காக, இரண்டு நிமிடக் குரல் பதிவாகவும் மடலை அனுப்புவது நல்லது. நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளே அதை வாசித்துப் பதிவு செய்யலாம்.

வியாழக்கிழமை மாலைக்குள் முதல் வரைவை முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் தலைமையாசிரியரிடமும், அந்த வகுப்பைச் சேராத இன்னொருவரிடமும் படிக்கக் கொடுங்கள். வகுப்பைச் சேராதவர் "இது என்ன?" என்று கேட்கும் இடங்களே பெற்றோருக்கும் புரியாத இடங்கள். அனுப்பிய பின் பிழை தெரியவந்தால், தேதி, நேரம் தொடர்பானதை அன்றே தனிச் செய்தியாகத் திருத்துங்கள். மற்றவற்றை அடுத்த மடலின் முதல் வரியிலேயே திருத்திச் சொல்லிவிடலாம்.

மடலின் அடியில், வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டபோது குழந்தை என்ன சொன்னது என்று எழுதி அனுப்ப நான்கு வரி இடம் விடுங்கள். அனைவரும் எழுதமாட்டார்கள், வரும் சில பதில்களைத் திங்கட்கிழமை காலையில் பெயர் சொல்லாமல் வகுப்பில் படித்துக் காட்டி, அவற்றிலிருந்து அன்றைய பாடத்தைத் தொடங்குங்கள்.