போர்த்துக்கீசியர் காதில் விழுந்த சுவாகிலி: மாற்று வரலாற்று எழுத்துமுறை ஒன்றை அமைக்கும் வழி

ஓர் ஆசிய மொழிக்கோ ஆப்பிரிக்க மொழிக்கோ மாற்று வரலாற்றில், அதாவது நடந்தது வேறு விதமாக நடந்திருந்தால் என்று கற்பனை செய்யும் வரலாற்றில், வழங்கியிருக்கக்கூடிய இலத்தீன் எழுத்துமுறையை அமைக்கப் புகுவோர், பெரும்பாலும் அம்மொழியின் ஒலிகளை வரிசையாக எழுதி, ஒவ்வோர் ஒலிக்கும் எதிரே ஓர் எழுத்தை வைத்துவிட்டு வேலை முடிந்ததாகக் கருதுகிறார்கள். அதில் பிழை இராது. ஆனால் உயிரும் இராது. உண்மை உலகில் எழுத்துமுறை என்பது குறிப்பிட்ட ஓர் ஆண்டில், குறிப்பிட்ட ஒரு துறைமுகத்தில், வேறொரு மொழி பேசியவரின் காதில் விழுந்த ஒலியிலிருந்து பிறந்து, அதன்பின் உள்ளூர்க்காரர்களின் கையில் பழகியது. எனவே எழுத்துகளைத் தொடுவதற்கு முன்பாகவே கேட்டவர் யார், எந்த ஆண்டில் கேட்டார் என்ற இரண்டையும் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கேட்டவர் மாறினால் என்ன ஆகும் என்பதை மலாய் மொழியின் வரலாறே காட்டுகிறது. 1824 உடன்படிக்கையால் மலாய் வழங்கிய நிலம் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் எனப் பிரிந்தது. (இலத்தீன் எழுத்துகளை இங்கே அவற்றின் ஆங்கிலப் பெயர்களால் குறிக்கிறேன்: 'ஏ' என்பது a, 'ஈ' என்பது e, 'ஐ' என்பது i.) பேரப்பிள்ளையைக் குறிக்கும் 'சுச்சு' என்ற ஒரே சொல்லை மலாயாவில் 'சி எச் யூ' என இருமுறையும், டச்சு ஆட்சிப் பகுதியில் 'டி ஜே ஓ ஈ' என இருமுறையும் எழுதினார்கள். 1947இல் இந்தோனேசியா 'ஓ ஈ' என்பதை 'யூ' என மாற்றியது. 1972இல் மலேசியா, இந்தோனேசியா இரண்டும் அந்தச் சகர ஒலிக்கு 'சி' என்ற ஒற்றை எழுத்தை ஏற்றன. ஆனாலும் இந்தோனேசிய அதிபராக இருந்த சுகார்த்தோ தம் பெயரைக் கடைசிவரை 'ஓ ஈ' கொண்டே எழுதினார்.

இனி கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையின் சுவாகிலி மொழியை எடுத்துக்கொண்டு வழிமுறையைப் பார்க்கலாம். இன்றைய கென்யாவின் துறைமுகமான மொம்பாசாவில் போர்த்துக்கீசியர் 1593இல் கட்டத் தொடங்கிய இயேசு கோட்டை, நீண்ட முற்றுகைக்குப் பின் 1698 டிசம்பரில் ஓமானியரிடம் வீழ்ந்தது. பிற்காலத்தில் சுவாகிலிக்கு அமைந்த இலத்தீன் எழுத்து, 1844இல் மொம்பாசா வந்த கிராப்ஃப், சான்சிபாரில் பணியாற்றிய ஸ்டீர் போன்ற சமயப் பணியாளர்களின் வழியாக வளர்ந்து, 1930இல் அமைந்த குழுவால் தரப்படுத்தப்பட்டது. அதனால்தான் அதன் மெய்யெழுத்துகளில் ஆங்கிலச் சாயல் தெரிகிறது. கோட்டை வீழவில்லை என்று வைத்துக்கொண்டால் அந்தச் சாயல் போய்விடும். அதன் இடத்தில் எது வரும் என்பதே நம் கேள்வி.

விடையைக் கற்பனையில் தேடுவதற்கு முன் சான்றுகளில் தேடுங்கள். போர்த்துக்கீசியர் அதே கடற்கரையில் பண்டு (Bantu) என்ற, சுவாகிலியும் சேர்ந்த மொழிக்குடும்பத்தின் ஊர்ப்பெயர்களை எழுதியிருக்கிறார்கள். மொசாம்பிக்கின் கெலிமானே 'க்யூ யூ ஈ' எனத் தொடங்குகிறது. இன்யம்பானேயில் ஞகர ஒலி 'என் எச்' ஆகிறது. ஷாய்-ஷாய் என்ற நகரின் ஷகரம் 'எக்ஸ்'. பழைய ஆவணங்களில் கில்வாவும் 'க்யூ யூ' கொண்டே எழுதப்பட்டது. ஆசியாவிலும் மாதிரிகள் உண்டு. கோவாவின் ரோமன் கொங்கணி ஷகரத்தை 'எக்ஸ்' என்றும், நாமடி ஒலிகளை (ட, ண, ள போன்றவற்றை) இரட்டித்த எழுத்துகளாலும் காட்டுகிறது. 1651இல் ரோமில் அச்சான அகராதியின் வழியே நிலைபெற்ற வியட்நாமிய எழுத்து, ககர ஒலி ஒன்றுக்கே 'சி', 'கே', 'க்யூ யூ' என்ற மூன்றையும் இன்றுவரை சுமக்கிறது. 1554இல் லிஸ்பனில் அச்சான சிறு சமய நூலில் தமிழே போர்த்துக்கீசிய முறைப்படி ரோமன் எழுத்தில் வந்திருக்கிறது. இவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால் அந்தக் காதின் பழக்கங்கள் தெளிவாகிவிடும்.

இப்போது சுவாகிலிச் சொற்களுக்கு வருவோம். வீட்டைக் குறிக்கும் 'ன்யும்பா' 'என் எச்' பெறும். தோட்டத்தைக் குறிக்கும் 'ஷம்பா' 'எக்ஸ்' பெறும். இவை எளியவை. ககரம்தான் ஆழமானது. போர்த்துக்கீசிய வழக்கில் அது 'ஏ', 'ஓ', 'யூ' ஆகிய எழுத்துகளுக்கு முன் 'சி' என்றும், 'ஈ', 'ஐ' ஆகியவற்றுக்கு முன் 'க்யூ யூ' என்றும் வரும். சுவாகிலியின் ஒரு பெயர்ச்சொல் வகுப்பு பெரும்பாலும் 'கி' என்ற முன்னொட்டால் ஆனது. அதன் பன்மை 'வி'. ஆகவே புத்தகத்தைக் குறிக்கும் 'கிதாபு', கத்தியைக் குறிக்கும் 'கிசு', இவற்றைத் தழுவும் பெயரடைகளில் பெரும்பாலானவை 'க்யூ யூ ஐ' எனத் தொடங்கும், பன்மையில் 'வி ஐ' என மாறும். பள்ளிச் சிறுவன் இலக்கணத்தைக் கண்ணாலேயே கற்றுக்கொள்வான். இன்னும் ஒரு நுட்பம் உண்டு. போர்த்துக்கீசியத்தில் 'ஏ' எழுத்துக்கு முன் வரும் 'க்யூ யூ' 'க்வ' என ஒலிக்கும். எனவே 'என்னிடத்தில்' என்னும் பொருளுள்ள 'க்வாங்கு' 'க்யூ' கொண்டும், 'எங்களிடத்தில்' என்னும் பொருளுள்ள 'க்வேது' 'சி யூ ஈ' கொண்டும் எழுதப்படும். ஒரே வேர் இரு உருவம் பெறுவதைப் பார்த்துத் திருத்திவிடத் தோன்றும்; திருத்தாதீர்கள். பழமையின் மணம் இத்தகைய இடங்களில்தான் தங்கும்.

கிசு என்ற சொல்லின் சகரமும் கவனத்துக்குரியது. போர்த்துக்கீசியத்தில் இரு உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றை 'எஸ்' இசட் ஒலியாக மாறிவிடும். ஆகவே கத்தியை 'க்யூ யூ ஐ எஸ் எஸ் யூ' என்றுதான் எழுதியாக வேண்டும். மொசாம்பிக்கின் கிசங்கா என்ற ஊர்ப்பெயரில் இந்த இரட்டை 'எஸ்' உண்மையாகவே இருக்கிறது. இதற்கு மறுதலையாக, மேசையைக் குறிக்கும் சுவாகிலிச் சொல் இசட் ஒலியோடு வழங்கினாலும், மூலச் சொல்லை அறிந்தவர்கள் அதை ஒற்றை 'எஸ்' கொண்டே எழுதியிருப்பார்கள். நம் 'மேசை'யும் அதே போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்ததுதான். கடன்சொற்களின் பொருளையும் ஒருமுறை சோதியுங்கள். போர்த்துக்கீசியத்தில் தேவாலயத்தைக் குறித்த சொல் இன்றைய சுவாகிலியில் 'கெரெசா' எனச் சிறைச்சாலையைக் குறிக்கிறது. கோட்டை கைமாறாத உலகில் அந்தப் பொருள் மாற்றம் நிகழாமலே போயிருக்கக்கூடும்.

ஆண்டைக் குறித்துக்கொள்ளச் சொன்னதன் காரணம் 'சி எச்' என்ற இணையில் வெளிப்படும். பதினாறாம் நூற்றாண்டின் போர்த்துக்கீசியத்தில் அது வல்லினச் சகரத்தை, அதாவது தமிழில் 'பச்சை' என்னும்போது வரும் ஒலியைக் குறித்தது. பிற்பாடு லிஸ்பன் பேச்சில் அந்த ஒலி ஷகரத்தோடு கலந்துவிட்டது. உங்கள் எழுத்துமுறை 1600ஐ ஒட்டிப் பிறந்ததானால், உணவைக் குறிக்கும் 'சாகுலா' 'சி எச்' எனத் தொடங்கும். 1850இல் பிறந்ததானால் 'டி சி எச்' எனத் தொடங்கியிருக்கும். இரண்டையும் ஒரே பக்கத்தில் கலப்பதே இத்துறையில் நான் அடிக்கடி காணும் பிழை.

கேட்டவருக்குக் கேட்காமல் போனவற்றையும் பதிவு செய்யுங்கள். 'ங்ஓம்பே' (பசு) என்ற சொல்லின் முதல் ஒலிக்கும், ஙகரத்தோடு ககரமும் சேர்ந்து ஒலிப்பதற்கும் உள்ள வேறுபாடு போர்த்துக்கீசியக் காதுக்குப் பெரிதாகப் பட்டிருக்காது. இரண்டும் 'என் ஜி' ஆகியிருக்கும். அரபு மொழியிலிருந்து வந்த தங்கத்துக்கான சொல்லின் மெல்லிய முதலொலி வெறும் 'டி' ஆகியிருக்கும். மனிதனைக் குறிக்கும் 'ம்து' என்ற சொல்லில், தனித்து நிற்கும் மகரத்தின் பின் ஓர் உகரத்தை அவர்கள் சேர்த்திருப்பார்கள். இந்த இழப்புகள் மொழிக்கு நேர்ந்த காயங்கள் என்பதை உணர்ந்தே எழுத வேண்டும்.

ஏனெனில் சுவாகிலி எழுத்தில்லாத மொழியாக இருந்ததில்லை. 1711ஐ ஒட்டி அரபு எழுத்தில் எழுதப்பட்ட சுவாகிலிக் கடிதங்கள் கோவா ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. போர்த்துக்கீசிய ஆட்சி தொடர்ந்திருந்தாலும் கவிஞர்களும் வணிகர்களும் நெடுங்காலம் அரபு எழுத்தையே கையாண்டிருப்பார்கள். இலத்தீன் எழுத்து சமயப் பள்ளியிலும் சுங்கச்சாவடியிலும் மட்டும் வழங்கியிருக்கும். அது வீட்டுக்குள் எப்போது, யார் முடிவால் நுழைந்தது என்பதற்கு உங்களிடம் விடை இருக்க வேண்டும். மடகாஸ்கரில் அந்த முடிவை எடுத்தவர் முதலாம் ராதாமா என்ற அந்நாட்டு மன்னர். 1823இல் மெய்களுக்கு ஆங்கில வழக்கையும் உயிர்களுக்குப் பிரெஞ்சு வழக்கையும் அவர் தேர்ந்துகொண்டார். உள்ளூர்க்காரர் ஒருவர் அப்படித் தலையிடும் இடமே கற்பனை எழுத்துமுறையை அந்த மக்களுடையதாக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசியாகச் சீர்திருத்தங்களை அடுக்குங்கள். போர்த்துக்கல் 1911இல் தன் எழுத்துமுறையை எளிமையாக்கியது. 'கே', 'டபிள்யூ', 'ஒய்' மூன்றும் போர்த்துக்கீசிய எழுத்துமுறை குறித்த 1990 உடன்பாட்டின்படியே அதன் அகரவரிசையில் இடம்பெற்றன. உங்கள் மொம்பாசா விடுதலை பெற்றதும் ஒரு குழு கூடி 'க்யூ யூ' என்பதை நீக்கி 'கே' என எழுத ஆணையிடட்டும். பாடநூல்களும் நாளிதழ்களும் மாறும். ஊர்ப்பலகைகள் சில ஆண்டுகள் பின்தங்கும். குடும்பப் பெயர்கள், கல்லறைக் கற்கள், பாட்டனார் கையெழுத்திட்ட நிலப்பத்திரம் ஆகியவை மாறாமல் நிற்கும். ஆகவே ஒவ்வொரு சொல்லின் எதிரிலும் பழைய வடிவம், புதிய வடிவம் இரண்டையும் எழுதி, எந்த ஆவணத்தில் எது வரும் என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.